உறைமோர் வைக்கும் சோதனை

ராத்திரி காய்ச்சிய பாலை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைத்தால் விடிவதற்குள் தயிர் தோய்ந்துவிடும். என்றைக்காவது ஒருநாள் தோயாது. பாத்திரத்தைச் சாய்த்தால் பால் பாலாகவே தளும்பும். எங்கள் வீட்டில் அப்படி நடந்த காலைகளில் அப்பாயி ஒரே ஒரு முடிவுக்குத்தான் வருவார்: "மாட்டுக்கு ஊசி போட்டிருக்கான்." பால்காரர் வந்ததும் விசாரணை தொடங்கும். மாட்டுக்கு மடிநோய் என்று சில நேரம் அவர் ஒப்புக்கொள்வார். சில நேரம் சத்தியம் செய்து மறுப்பார்.

அப்பாயியின் ஊகத்துக்கு அடிப்படை உண்டு. மடிநோய்க்கு மருந்தாகப் போகும் பென்சிலின் சில நாள் வரை பாலோடு சேர்ந்து வெளியே வரும். மடியில் இருக்கும் கிருமியைக் கொல்லும் அந்த மருந்துக்கு உறைமோரில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா வேறு ஆள் என்று தெரியாது. அதையும் கொல்லும். பென்சிலின் கால்நடை மருத்துவத்துக்கு வந்த புதிதில் மேலைநாட்டுப் பால் ஆலைகளைக் கலங்கடித்ததும் இதுதான். தொட்டி தொட்டியாகப் பாலில் உறை ஊற்றிக் காத்திருப்பார்கள், பாலாடைக்கட்டி திரளாது. பாலில் மருந்து எச்சம் பற்றிய கவலை, மனித உடல்நலத்தைவிடக் கெட்டுப்போன சரக்கை முன்னிட்டே முதலில் எழுந்தது.

ஓர் உயிரை ஒரு பொருளின் முன்னால் நிறுத்தி, அதற்கு என்ன ஆகிறது என்று கண்ணால் காணும்படி செய்வது. பயோசென்சார் என்று இன்று ஆய்வுக்கூடங்களில் சொல்லப்படுவதன் பாதி இலக்கணம் அப்பாயியின் பாத்திரத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதி இல்லாததால்தான் பால்காரரால் மறுக்க முடிந்தது. மார்கழிக் குளிரிலும் தயிர் தோயாது. உறைமோர் பழசாகிச் செத்திருந்தாலும் தோயாது. புளிக்கத் தொடங்கிய பாலில் சோடா மாவைப் போட்டு மறைத்திருந்தாலும் தோயத் தாமதமாகும். ஏதோ சரியில்லை என்று சொல்கிற சோதனைக்கும், இன்னது இவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற சோதனைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்கத்தான் கடந்த அறுபது வருடங்களாக முயற்சி நடக்கிறது.

அளவுகோலை ஏமாற்றும் கலை

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பதை அறியாதவர் குறைவு. அது பார்ப்பது அடர்த்தியை மட்டுமே. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். கலந்தவர் கொஞ்சம் சர்க்கரையோ உப்போ யூரியாவோ போட்டால் டிகிரி பழைய இடத்துக்கே வந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்விதான் தப்பு.

இதன் உலகப்பெரும் உதாரணம் 2008இல் சீனாவில் நடந்தது. பாலில் எவ்வளவு புரதம் என்று அறிய, 1883இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கிய முறையையே உலகம் இன்றும் நம்பியிருக்கிறது. அது புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று கணக்கில் எழுதுகிறது. மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைத் தூவினால் காகிதத்தில் புரதம் ஏறிவிடும். குழந்தைகளுக்கான பால்பவுடரில் அது போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். சிறுநீரகத்தில் கல் அடைத்து ஆறு குழந்தைகள் இறந்தன. அந்தப் பால் பல கைகளைத் தாண்டிச் சோதனையில் தேறியே வந்திருந்தது.

மெலமைனைப் பிடிக்கும் கருவிகள் அன்றே இருந்தன. கலவையைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபியும் மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியும் இணைந்த பெரிய இயந்திரங்கள் எதையும் கண்டுபிடித்துவிடும், தேடச் சொன்னால். விலை, குளிரூட்டிய அறை, பயிற்சி பெற்ற ஆள், மாதிரியைப் பக்குவப்படுத்த ஆகும் நேரம் என்று அவற்றுக்குப் பின்னால் ஒரு பரிவாரம் வரும். காலை ஆறு மணிக்குக் கேனோடு வரிசையில் நிற்பவருக்கு அதெல்லாம் உதவாது. அடர்த்தி, நைட்ரஜன் போன்ற பினாமிகளை விட்டுவிட்டு நேரடியாக அந்தப் பொருளையே அடையாளம் காண வேண்டும், அதையும் கேன் இறங்கும் இடத்திலேயே செய்ய வேண்டும் என்ற இரட்டை ஆசைக்குப் பிறந்ததுதான் உணவுத் துறையின் பயோசென்சார்.

அடையாளம் காண ஒருவர், கூவிச் சொல்ல ஒருவர்

அமெரிக்க வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் 1956இல் ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மின்முனை ஒன்றை வெளியிட்டார். 1962இல் அதன் முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சவ்வுகளுக்கு நடுவே பிடித்துவைத்தார். அந்த நொதி குளுக்கோஸை மட்டும் தேடிப்பிடித்து, ஆக்சிஜனைச் செலவழித்து அதைச் சிதைக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். நொதி ஆளை அடையாளம் காண்கிறது, மின்முனை அதை மின்சாரமாக்கி ஊருக்குச் சொல்கிறது. இந்த இருவர் கூட்டுதான் பயோசென்சார். தமிழில் உயிரிஉணரி என்று எழுதுகிறார்கள். அடையாளம் காணும் வேலையை நொதிக்குப் பதில் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி), டிஎன்ஏ துண்டு, முழு பாக்டீரியா, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் என எதற்கும் கொடுக்கலாம். கூவிச் சொல்லும் வேலையை மின்சாரமோ ஒளியோ நிறமோ ஏற்கலாம்.

கிளார்க்கின் யோசனையை ஒரு நிறுவனம் 1975இல் விற்பனைக் கருவியாக்கியது. இன்று நீரிழிவுக்காரர் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் அதன் பேரப்பிள்ளை. அதே குடும்பக் கருவிகள் உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலைகளிலும் நுழைந்தன. கிழங்கில் குளுக்கோஸ் கூடினால் வறுக்கும்போது சிப்ஸ் கருத்துப்போகும் என்பதால் லாரி வந்து நின்றதும் சர்க்கரை பார்த்துவிடுவார்கள். அந்த நொதியைப் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையிடமிருந்து எடுக்கிறார்கள். அதன் பங்காளி ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸைப் பற்றி இனிதான் பேசப்போகிறோம். ஒரே குடும்பத்தில் ஒருவர் போலீஸ், இன்னொருவர் திருடர்.

குளுக்கோமீட்டர் வீடு வீடாக வந்துவிட்டது. உணவுக்கான பயோசென்சார்கள் ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளில் வந்தும் கடைவீதிக்கு வராததேன்? எந்த மனிதரின் ரத்தமும் உப்பு, புளிப்பு, வெப்பம் ஆகியவற்றில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில், அள்ளி எடுக்கும்படி கிடக்கிறது. பாலில் நாம் தேடும் பூஞ்சை நஞ்சின் இந்திய வரம்போ கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். குளுக்கோஸைவிட ஏறக்குறைய இருபது லட்சம் மடங்கு குறைவு. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் முழுக்கச் சேர்த்தாலும் ஐந்து மில்லிகிராம்தான், ஓர் அரிசி மணியின் கால்வாசி எடை. அதுவும் கொழுப்பு, கேசீன் என்ற புரதம், சர்க்கரை, கால்சியம் என்று எல்லாம் கலங்கிய வெள்ளைக் குழம்புக்குள். பாலுக்குச் சரிசெய்த சென்சார் மிளகாய்த்தூளில் வேலை செய்யாது. மிளகாய்த்தூளுக்குச் சரிசெய்தது மீனில் தடுமாறும். சுத்தமான உப்புக்கரைசலில் அபாரமாக வேலை செய்யும் கருவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், மீன் பிடிக்கத் தெரியும் என்று குளிக்கும் தொட்டியில் தூண்டில் போட்டுக் காட்டுகிறவர் ஞாபகம்தான் எனக்கு வருகிறது.

அகர் கட்டியில் ஒரு காவல்காரர்

இந்தக் கதையில் உண்மையில் வென்றவை எளிமையான கருவிகள்தான். பாலில் ஆன்டிபயாட்டிக் பார்க்க 1970களில் நெதர்லாந்தில் உருவான டெல்வோடெஸ்ட்டை அப்பாயியின் உறைமோர்ச் சோதனைக்குப் படித்துப் பட்டம் வாங்கிய தம்பி எனலாம். சின்னக் குப்பியில் அகர் கூழ். அதற்குள் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள். கூடவே ஊதா நிறக் காட்டி. மேலே சில சொட்டுப் பாலை விட்டு 64 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் போல வைப்பார்கள். பால் சுத்தமாக இருந்தால் வித்து முளைத்து, பாக்டீரியா பெருகி, அமிலம் சுரந்து, ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும்.

எல்லாச் சாமர்த்தியமும் அந்த 64 டிகிரியில் இருக்கிறது. பாலோடு வரும் வேறு எந்தக் கிருமியும் அந்தச் சூட்டில் தலைதூக்காது. குளிர், பழைய உறை என்று பால்காரர் சொல்லக்கூடிய சாக்குகள் எல்லாம் அடைபட்டுவிடும். பென்சிலினை இந்த பாக்டீரியா தாங்கவே தாங்காது என்பது இரண்டாவது வசதி. பாலில் பென்சிலினுக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் டேங்கருக்குக் கணக்குப் போட்டால் 40 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஆறில் ஒரு துண்டு.

உயிரை வைத்துச் சோதிப்பதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. இது பெயர் கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத மருந்து கலந்திருந்தாலும் பாக்டீரியா செத்தால் செத்ததுதான். மெலமைன் விவகாரத்தில் யாரும் தேடாததால்தான் நஞ்சு நுழைந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாது என்பது அதே குணத்தின் மறுபக்கம். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமும் பாக்டீரியா வித்து முளைக்கிறதா இல்லையா என்பதையே அடையாளமாகக் கொண்டு பால் சோதனைகளை உருவாக்கியிருக்கிறது. வித்துக்குக் குளிர்பெட்டி அவ்வளவாகத் தேவைப்படாது என்பது நம் வெயிலுக்குத் தோதானது. நொதியும் எதிர்ப்புரதமும் அப்படியல்ல. பல கிட்டுகளின் அட்டையில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சடித்திருக்கும். சித்திரை மாத மத்தியானத்தில், மின்சாரம் போய்ப் போய் வரும் சேகரிப்பு நிலையத்தில், அந்த வரி ஒரு நகைச்சுவை.

நிற்காமல் போகும் பஸ்

இப்போது திருடப் பங்காளி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் சுரந்த நஞ்சுக்கு அதன் பெயரையே சுருக்கி அஃப்லாடாக்ஸின் என்று வைத்தார்கள். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியாகத் தெரிந்த பொருள். ஈரம் காயாத கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை என எதிலும் வரும். மாடு அந்தப் புண்ணாக்கைத் தின்றால் அதன் கல்லீரல் பி1 வகை நஞ்சை எம்1 வகையாக மாற்றும். ஒரு நாளுக்குள் எம்1 பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது. தீவனத்தை மாற்றினால் சில நாட்களில் தானாக நின்றுவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து மறு வருடம் முடிவை வெளியிட்டது. நாம் எல்லோரும் பயந்துகொண்டிருந்த கலப்படம் வெறும் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆன்டிபயாட்டிக் வரம்பு மீறியவை 77. அஃப்லாடாக்ஸின் எம்1 வரம்பு மீறியவையோ 368. மாநில வாரியாக எண்ணிக்கையைப் பார்த்தால் தமிழ்நாடு முதலிடம், 551 மாதிரிகளில் 88. டெல்லியும் கேரளமும் பின்னால் நின்றன. பால் என்றாலே தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளை நம்பிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த எண்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. கறந்தவர் கலந்த நஞ்சில்லை இது. மழையில் நனைந்த மூட்டையிலிருந்து மாடு வழியாக வந்தது.

இதைக் கண்டுபிடிக்க இன்று அதிகம் புழங்குவது காகிதப் பட்டை. கர்ப்பச் சோதனைப் பட்டையின் உறவு, ஆனால் படிக்கும் விதம் நேர் எதிர். பட்டையின் தொடக்கத்தில் தங்க நுண்துகள்கள் ஒட்டிய எதிர்ப்புரதங்கள் காத்திருக்கும். இந்த அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு எதிர்ப்புரதத்தையும் ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். நஞ்சு ஏறி உட்காரத்தான் அதில் இருக்கை. பட்டையின் நடுவே ஒரு நிறுத்தம், அங்கே அதே நஞ்சை முன்கூட்டியே கோடாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். பாலில் நஞ்சு இல்லையென்றால் பஸ்கள் காலியாக வந்து நிறுத்தத்தில் நிற்கும், சிவப்புக் கோடு தெரியும். பாலில் நஞ்சு இருந்தால் இருக்கைகள் முன்பே நிரம்பிவிடும், பஸ் நிற்காமல் போகும், கோடு தெரியாது. கோடு இருந்தால் பால் நல்லது, இல்லையென்றால் கெட்டது. நஞ்சின் மூலக்கூறு மிகச் சிறியது, இரண்டு எதிர்ப்புரதங்கள் இருபுறமும் பிடிக்க அதில் இடமில்லை. அதனால்தான் இந்தச் சுற்றுவழி. கர்ப்பச் சோதனையில் பழகிய கண், இங்கே கோட்டைப் பார்த்ததும் பதறுவது இயல்பு.

வெறும் பட்டையை பயோசென்சார் என்று சொல்லலாமா என்று ஆய்வாளர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. கோட்டின் அழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிறு கருவியோ செல்போன் கேமராவோ சேர்ந்தால் சொல்லலாம் என்பார்கள். சொசைட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வழக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் மங்கிய கோடு ஒன்று வந்து, பால் ஊற்ற வந்தவர் "கோடு இருக்கே" என்றும் சோதிப்பவர் "இல்லையே" என்றும் சொல்லும்போது ஓர் எண் இருந்தால் சண்டை குறையும்.

மாடு செய்து தரும் வேலை

அஃப்லாடாக்ஸினைக் கடலையில் தேடுவதைவிடப் பாலில் தேடுவது சுலபம். சென்சாரின் திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடலை மூட்டையில் நஞ்சு சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். ஒரே பருப்பில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் நஞ்சு இருந்தது அளந்து பதிவாகியிருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற வரம்பை நூறு கிலோ கடலைக்கும் சேர்த்து மீறவைக்கும். நீங்கள் கைப்பிடி அள்ளிச் சோதித்தால் அந்தப் பருப்பு கையில் சிக்காது. அதனால் பெரிய சரக்கு வந்தால் நூறு இடங்களிலிருந்து அள்ளி இருபது கிலோ சேர்த்து, அரைத்து, கலக்கி, அதிலிருந்து எடுத்துத்தான் ஐரோப்பாவில் சோதிக்கிறார்கள். அவ்வளவு செய்த பிறகும் முடிவில் வரும் பிழையின் பெரும்பங்கு மாதிரி எடுத்த விதத்தாலேயே வருகிறது, கருவியால் இல்லை.

பாலில் அந்த அரைக்கும் கலக்கும் வேலையை மாடு செய்துவிடுகிறது. தின்ற புண்ணாக்கு முழுவதன் சராசரியும் பாலில் கரைந்து வருகிறது. டேங்கரில் எந்தச் சொட்டை எடுத்தாலும் கதை ஒன்றுதான். பால் சோதனைப் பட்டைகள் வென்றதற்கும் தானியச் சோதனைகள் திணறுவதற்கும் பாதிக் காரணம் இந்த ஜீரணம்.

நோய்க்கிருமிகளில் இதே சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. பல உணவுகளுக்கு 25 கிராமில் ஒரு சால்மொனெல்லா கூட இருக்கக்கூடாது என்பது விதி. 25 கிராம் உணவை 225 மில்லி சத்துநீரில் கலக்கினால் 250 மில்லி. அதில் ஒரே ஒரு பாக்டீரியா இருந்தால், சென்சார் எடுத்துக்கொள்ளும் நூறில் ஒரு மில்லி சொட்டுக்குள் அது வருவதற்கான வாய்ப்பு இருபத்தைந்தாயிரத்தில் ஒன்று. சென்சார் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே முதலில் அந்த ஒன்றைப் பல கோடியாக வளரவிட வேண்டும், 37 டிகிரியில் ஒரு ராத்திரி. அதற்குப் பின்னால் பழைய முறை மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளும், பயோசென்சார் அதைச் சில மணி நேரமாகக் குறைக்கும். 'பத்து நிமிடத்தில் முடிவு' என்று விளம்பரத்தில் வரும்போது அந்த ராத்திரியை யாரும் எழுதுவதில்லை. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் எதிர்ப்புரதம் பிடிக்கும் உடல்பாகங்களையும் உயிருள்ளவை என்று எண்ணிக் கூவுவது இன்னொரு தொல்லை. உயிருள்ள பாக்டீரியாவுக்குள் மட்டுமே பெருகும் வைரஸைத் துப்பறிய அனுப்பும் முறைகள் இதற்காகவே வளர்க்கப்படுகின்றன.

கிருமியைத் தேடுவதை விட்டுவிட்டு, தொழிற்சாலையின் மேசை சுத்தமாகத் துடைக்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பதில் ஓர் உயிரிஉணரி அமைதியாகக் கொடிகட்டிப் பறக்கிறது. அது மின்மினியுடையது. எல்லா உயிரணுக்களிலும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இருக்கிறது. மின்மினி ஒளிர அது வேண்டும் என்று 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய் காட்டினார். ஆராய்ச்சிக்கு மின்மினி போதாமல் பால்டிமோர் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பிடித்துவரச் சொன்னார் என்பது அந்தத் துறையின் செல்லக்கதை. இன்று அந்த நொதியை பாக்டீரியாக்களே தயாரித்துத் தருகின்றன. மேசையைப் பஞ்சால் துடைத்து, நொதியில் நனைத்து, கையடக்கக் கருவியில் செருகினால் எவ்வளவு ஒளி என்று எண் வரும். உணவுத் துணுக்கோ கிருமியோ, எது மிச்சம் இருந்தாலும் ஒளிரும். இன்ன கிருமி என்று சொல்லாது. துடைத்தவரை மறுபடி துடைக்கச் சொல்ல அந்த எண் போதும்.

மீன், காய்கறி

அதே ஏடிபிதான் மீனின் வயதையும் சொல்கிறது. மீன் செத்ததும் தசையில் இருக்கும் ஏடிபி படிப்படியாகச் சிதைந்து ஐஎம்பி என்ற பொருளில் கொஞ்ச காலம் தங்கும். மீனுக்கு ருசி கொடுப்பது அதுதான். பிறகு இனோசின், அதற்குப் பிறகு லேசாகக் கசக்கும் ஹைப்போசாந்தின். கடைசி இரண்டும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதை கே-மதிப்பு என்று 1959இல் ஜப்பானியர் வரையறுத்தார்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் பச்சையாகவே உண்ணலாம் என்பது அவர்கள் கணக்கு. சாந்தின் ஆக்சிடேஸ் நொதியை மின்முனையில் வைத்து இதை அளக்கும் கருவிகளை 1980களில் டோக்கியோவில் இசாவோ கருபே குழுவினர் செய்தார்கள். பச்சைமீன் தின்னும் நாட்டில் இந்தச் சென்சார் பிறந்ததில் வியப்பில்லை. நம் ஊரில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற விரலே இந்த வேலையைப் பார்க்கிறது, ஃபார்மலின் வந்து அந்த விரலை ஏமாற்றும்வரை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் அதற்கென ஒரு காகிதப் பட்டையை வெளியிட்டது. அது ரசாயனப் பட்டைதான், உயிர்ப்பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் சில வகை மீன்களில் இறந்தபின் தானாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு (ஃபார்மலினில் இருப்பது இதுதான்) உண்டாகும் என்பதால், இருக்கிறதா இல்லையா என்பதைவிட எவ்வளவு என்பதுதான் கேள்வி. பாலில் யூரியாவும் அப்படித்தான். மாட்டின் உடலிலிருந்தே கொஞ்சம் வரும், அதனால் இந்திய விதி பத்து லட்சத்தில் 700 பங்கு வரை விட்டுவைத்திருக்கிறது.

காய்கறிக்கு வேறு உத்தி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிக் கொல்கின்றன. அந்த நொதியையே ஒரு குப்பியில் வைத்து, காய்கறி கழுவிய சாற்றை விட்டு, நொதி வேலை செய்கிறதா பார்ப்பது. பூச்சி சாவதைப் பூச்சியே இல்லாமல் பார்ப்பதுபோல. தைவானிலும் சீனாவிலும் மொத்தச் சந்தைகளில் இது பல வருடமாக நடக்கிறது. பைரித்ராய்டு, நியோநிக்கோட்டினாய்டு வகைகள் வேறு வழியில் கொல்பவை என்பதால் இந்த நொதியின் கண்ணில் படாமல் நழுவிவிடும். பூச்சிமருந்துக் கடைகளில் பழைய வகைகள் குறையக் குறைய இந்தச் சோதனைக்கும் வேலை குறைகிறது.

பாட்டிலைக் கழுவுவது யார்

பட்டை ஒன்று 'கெட்டது' என்று சொன்னால் சட்டப்படி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. விரைவுச் சோதனைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அங்கீகாரம் தருகிறது, ஆனால் அவை சல்லடை மட்டுமே. வழக்குத் தொடர அதிகாரி முறைப்படி மாதிரி எடுத்து நான்கு பங்காகப் பிரித்து, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவருக்குப் பதினான்கு நாள் அவகாசம். பால் பதினான்கு நாள் தாங்காது. அதனால் மாதிரிப் புட்டியில் ஃபார்மலின் விடச் சொல்லி விதியிலேயே இருக்கிறது. கெடாமல் இருக்கும்தான், ஆனால் அந்தப் பாலை டெல்வோடெஸ்ட் குப்பியில் விட்டால் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாக்டீரியா சாகும். உயிரை வைத்துச் சோதிக்கும் முறையும், உயிரைக் கொன்று பாதுகாக்கும் சட்டமும் ஒரே புட்டியில் சந்திக்க முடியாது.

பட்டையை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். கேனுக்கு ஒன்று வைத்தால் செலவு கட்டாது. இரண்டு மாடு வைத்திருப்பவர் ஊற்றும் ஏழெட்டு லிட்டர்ப் பாலின் விலையில் பட்டையின் விலை ஒரு கணிசமான பங்காகிவிடும். டேங்கருக்கு ஒன்று வைத்தால் ஒருவர் பாலில் இருக்கும் நஞ்சு நானூறு பேர் பாலில் கரைந்து வரம்புக்குக் கீழே போய்விடலாம். அல்லது ஒருவரால் நானூறு பேர் பாலும் போகலாம். அமெரிக்காவில் பென்சிலின் குடும்ப மருந்துகளுக்கு ஒவ்வொரு டேங்கரையும் சோதித்தே ஆக வேண்டும். பண்ணையில் பாலை ஏற்றும்போதே ஓட்டுநர் அந்தப் பண்ணையின் மாதிரியைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்வார். டேங்கர் தேறவில்லை என்றால் முழுதையும் கொட்டிவிட்டு, அந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஆளைப் பிடித்து, நஷ்டத்தை அவர் தலையில் கட்டுவார்கள். ஒரு டேங்கருக்கு ஒன்றிரண்டு பண்ணை என்றால் இது சரிப்படும்.

இங்கே ஒரு சொசைட்டியில் காலையில் இருநூறு பேர், சாயங்காலம் இருநூறு பேர். ஆளுக்கொரு சிறு புட்டியில் மாதிரி எடுத்து, பெயர் ஒட்டி, டேங்கர் முடிவு வரும்வரை குளிரில் வைக்க வேண்டும். பிறகு நானூறு புட்டிகளையும் கழுவிக் கவிழ்க்க வேண்டும், மறுநாள் காலை ஐந்தரைக்குள். இதைச் சொன்னபோது எங்கள் ஊர் சொசைட்டியில் டிகிரி பார்க்கும் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. பக்கத்திலிருந்த குழாயைத் திருகிக் காட்டினார். தண்ணீர் வரவில்லை.